ராமநாதபுரம் கடற்கரையில் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் பூனை வளர்க்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாம்பல் நிறம், உருண்டை முகம், செப்புக் காசு போன்ற கண்கள். அந்தப் பூனையைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டு, நம் ஊர் வெக்கையில் இது தாங்குமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாங்கும். மண்டபத்திலும் கீழக்கரையிலும் நன்றாகவே வளர்கிறது. ஆனால் இங்கே மூன்று விஷயங்கள் அதற்கு எதிராக இருக்கின்றன: புழுக்கம், உப்புத் தண்ணீர், பூனை வைத்தியம் தெரிந்த மருத்துவர் இருக்கும் தூரம். இந்த மூன்றுக்கும் பூனை வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

எங்கள் வீட்டுக்குப் பூனை வந்த புதிதில் யாரிடம் கேட்டாலும் "பூனைதானே, மீனைப் போட்டா வளர்ந்துட்டுப் போகுது" என்ற பதில்தான் கிடைத்தது. இணையத்தில் படித்ததெல்லாம் லண்டன் குளிருக்கோ பெங்களூரு அபார்ட்மென்டுக்கோ எழுதியது. ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அலைந்து, மருத்துவர்களைத் துளைத்தெடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் அந்த அலைச்சல் பட வேண்டாம்.

1. முதலில் மருத்துவர், அப்புறம் பூனை

ஊருக்கு ஊர் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது, அங்கே இருக்கும் மருத்துவர்கள் நல்லவர்கள், கெட்டிக்காரர்களும்கூட. ஆனால் அவர்களிடம் நாள் முழுக்க வருவது ஆடு, மாடு, கோழி. பூனைக்குத் தேவையான ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அடைத்த சிறுநீரை வெளியே எடுக்கும் சிறிய அளவுக் குழாய் எல்லாம் எல்லா இடத்திலும் இருக்காது. ராமநாதபுரம் நகரில் கிடைக்காதது மதுரையில் கிடைக்கும், ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர். ராமேஸ்வரத்தில் இருப்பவர்களுக்கு அதுவே 170 கிலோமீட்டர் ஆகிவிடும். பெரிய சிக்கல் என்றால் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மருத்துவமனைகள் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் இருக்கின்றன.

பூனைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உள்ளூரில் ஒரு மருத்துவரையும் மதுரையில் ஒரு மருத்துவரையும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். நான்கு கேள்வி கேளுங்கள். பூனைக்கு மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் முக்கூட்டுத் தடுப்பூசி கையிருப்பில் இருக்கிறதா, இல்லை சொல்லி வைத்தால்தான் வருமா? ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் குழாய் போட முடியுமா? வாயு மயக்க மருந்து வசதி உண்டா? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் செய்தால் எடுப்பார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்து மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். மதுரையில் வாங்கி, கைப்பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்து உள்ளூரில் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். ஐஸ் பெட்டி இல்லாமல் அப்படிச் செய்தால் ஊசி போட்டும் பாதுகாப்பு இருக்காது. பூனையையே கூட்டிக்கொண்டு போவது மேல்.

2. எந்தப் பூனை, என்னென்ன தாள்

சாம்பல் நிறத்தில் இருப்பதெல்லாம் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இல்லை. நம் தெருப் பூனைகளிலும் சாம்பல் உண்டு. அதையே "பிரிட்டிஷ் மிக்ஸ்" என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்கள். தெருப்பூனை வளர்ப்பது அருமையான காரியம், அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது மட்டும்தான் விஷயம். வம்சாவளி உள்ள பூனை என்றால் டிகா, சிஎஃப்ஏ, டபிள்யூசிஎஃப் போன்ற சர்வதேசப் பூனை அமைப்புகள் ஏதாவது ஒன்றில் பதிவு செய்த சான்றிதழ் இருக்கும், அதில் தாய், தகப்பன், பாட்டன், பாட்டி பெயர்களும் பதிவு எண்களும் இருக்கும். "தாள் அப்புறம் அனுப்புறோம்" என்றால் அந்தத் தாள் வரப்போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வம்சாவளிச் சான்றிதழைவிட நான் முக்கியமாக நினைப்பது பெற்றோரின் உடல்நலத் தாள்கள்தான்.

முதலாவது, சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுப் பரிசோதனை. இது பெர்சியன் வழியாக இந்த இனத்துக்குள் வந்தது. ஒருமுறை பரிசோதித்தால் போதும், உண்டா இல்லையா என்று தெளிவாகச் சொல்லிவிடும்.

இரண்டாவது, இதயத் தசை தடிக்கும் நோய்க்கான எக்கோ, அதாவது இதய ஸ்கேன். மெய்ன் கூன், ராக்டால் இனங்களுக்கு இருப்பதுபோல் இந்த இனத்துக்கு நம்பகமான மரபணுப் பரிசோதனை இல்லை, அதனால் எக்கோ மட்டும்தான் வழி.

மூன்றாவது ரத்தப் பிரிவு. பெரும்பாலான பூனைகள் ஏ பிரிவு. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரில் பி பிரிவு நிறையவே வரும். பி பிரிவுப் பூனைக்கு ஏ ரத்தம் ஏற்றினால் உயிரே போய்விடும். நம் ஊரில் அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கக் கிடைப்பது அக்கம்பக்கத்து நாட்டுப் பூனைதான், அது பெரும்பாலும் ஏ ஆகத்தான் இருக்கும். ஆகவே உங்கள் பூனையின் பிரிவு என்ன என்பதைத் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

குட்டிக்கு 12, 13 வாரம் ஆன பிறகே வாங்குங்கள். ஆறு வாரக் குட்டியைப் படம் பிடித்து அனுப்பி, "இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க, வேற ஆள் கேக்குறாங்க" என்று அவசரப்படுத்துவது வழக்கமான வலை. நேரில் போய்த் தாய்ப் பூனையைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். கடையில் வாங்குவதாக இருந்தால், 2018-ஆம் ஆண்டு வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி அந்தக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். இதே விற்பனையாளர்கள் காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டையும் காட்டுவார்கள். பார்க்க ஆந்தைக் குஞ்சு மாதிரி அழகாக இருக்கும். ஆனால் காதை மடிக்கிற அதே மரபணு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. மூட்டு வலியோடு காலம் தள்ளுகிற பூனை அது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

3. வளைகுடாவிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி பக்கம் பல குடும்பங்கள் துபாயிலோ தோஹாவிலோ வளர்த்த பூனையோடு ஊர் திரும்புகின்றன. அவர்கள் குறைந்தது மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு வருடம் இருந்துவிட்டு இருப்பிடத்தை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டு வருபவர்கள்தான் செல்லப்பிராணியைப் பயணச் சாமான் கணக்கில் கொண்டுவர முடியும், அதுவும் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. விசிட் விசாவில் போய்விட்டு வரும்போது ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பது நடக்காது. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகள், விசா நகல், வேலை முடிந்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

முதல் வேலை மைக்ரோசிப். தோலுக்கு அடியில் போடும் 15 இலக்கச் சிப். அது போட்ட பிறகே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், இந்த வரிசை மாறினால் எந்தப் பூனைக்கு ஊசி போட்டது என்று நிரூபிக்க முடியாமல் போகும். ஊசி போட்டுப் பயணத்துக்குள் 30 நாள் கடந்திருக்க வேண்டும், ஒரு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அப்புறம் அந்த நாட்டு அரசு கொடுக்கும் உடல்நலச் சான்றிதழ். அதன் பிறகு நாம் இறங்கப்போகும் விமான நிலையத்துக்குரிய மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையத்திலிருந்து தடையில்லாச் சான்று. இது கையில் வராமல் விமானம் ஏறக் கூடாது.

இங்கேதான் நம் மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் சிக்குகிறார்கள். நமக்குப் பக்கம் மதுரையும் திருச்சியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து பிராணிகளை இறக்கும் அனுமதி எல்லா விமான நிலையத்துக்கும் இல்லை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகியவற்றில் நிலையங்கள் உண்டு, கொச்சிக்கும் 2024-ல் கிடைத்தது. டிக்கெட் போடும்போதே சென்னைக்குப் போடுங்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராத்திரி நேரத்தில் ஏசி காரில் வந்துவிடலாம். பகலில் அந்தப் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

4. வீட்டைத் தயார் பண்ணுதல்

இந்த இனத்தை வெளியே விடவே கூடாது. தெரு நாய், கீரி, பாம்பு, மீன் லாரி, திருட்டு எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இது ஓட்டமும் தாவலும் குறைந்த கனமான பூனை. ஆண் 5 முதல் 8 கிலோ வரை வரும், பெண் 4 முதல் 6. நாட்டுப் பூனை மதிலில் ஏறித் தப்புகிற நேரத்தில் இது திகைத்து நிற்கும்.

ஜன்னலுக்கும் மாடி வராண்டாவுக்கும் வலை அடிக்க ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். நாம் கடற்கரையில் இருக்கிறோம், மீன்பிடி வலைக்கா பஞ்சம்? பாம்பனிலோ மண்டபத்திலோ வலைக் கடையில் முறுக்கு நூலில் முடிச்சுப் போட்ட, விரல் இரண்டு நுழையாத கண்ணுள்ள வலை மலிவாகக் கிடைக்கும். வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் கம்பி வலை சீக்கிரம் துருப்பிடிக்கும், இது பிடிக்காது. ஆனால் தங்கூசி (நைலான்) நரம்பு வலை வேண்டவே வேண்டாம். கழுத்திலும் காலிலும் இறுக்கும், பூனை கடித்து நூலை விழுங்கிவிட்டால் குடலைச் சுருட்டி இழுத்து, அறுவை சிகிச்சை வரை போகும். வீட்டில் தூண்டில் முள், நரம்புச் சுருள் இருந்தால் மூடி போட்ட டப்பாவில் போய்விட வேண்டும். இரை வாசனை ஒட்டிய தூண்டில் முள்ளைப் பூனை விடாது.

நகம் கீற விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தேங்காய் நார்க் கயிற்றை ஒரு கட்டையில் நெருக்கமாகச் சுற்றி, ஆடாமல் நிறுத்துங்கள். படுக்க ஒரு பனை ஓலைப் பெட்டி. காற்று உள்ளே போய்வரும், புழுக்கம் தங்காது. கடையில் விற்கும் ரோமத் துணி மெத்தை இங்கே வெறும் ஈரமும் பூஞ்சையும்தான் சேர்க்கும்.

தரை துடைக்கும் பினாயிலை நிறுத்திவிடுங்கள். பூனை காலை நக்கும், அந்த மருந்து அதன் ஈரலுக்கு ஆகாது. நீலகிரித் தைலம், பூச்சிக்கு வைக்கும் பாச்சா உருண்டை, லில்லிப் பூ இதெல்லாம் பூனை இருக்கும் அறையில் வேண்டாம்.

5. வெக்கையும் புழுக்கமும்

கடலோரத்தில் வெயிலின் அளவு மதுரையைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஆனால் பூனை தன் உடம்பை நக்கி, அந்த ஈரம் ஆவியாவதில்தான் குளிர்ச்சி பெறுகிறது. காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாகாது. ஆகவே வாடைக் காலத்தைவிட, மழை வருவதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபர் புழுக்கமும் சித்திரை வைகாசி மதியமும்தான் ஆபத்து.

ஏசி இருந்தால் 26 டிகிரியில் ஒரு அறை போதும். இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கிழக்குப் பக்க அறை, சிமென்ட் அல்லது ஆக்சைடு தரை, ஓடுகிற மின்விசிறி, ஓரத்தில் கவிழ்த்து வைத்த ஈர மண்பானை, இதிலேயே சமாளிக்கலாம். பூனை தானாகக் குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்கும், கதவைச் சாத்தி அதை அடைக்காமல் இருந்தால் போதும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடு மட்டும் இந்த இனத்துக்கு ஒத்துவராது. இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். மின்தடை அறிவிப்பு வரும் நாட்களில் எங்கே வைப்பது என்றும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மொட்டை அடித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று சலூன்காரர்களும் சொல்வார்கள், சொந்தக்காரர்களும் சொல்வார்கள். வேண்டாம். இதற்கு இரட்டை அடுக்கு ரோமம், வெயில் நேரடியாகத் தோலில் படாமல் காப்பதும் அதுதான். அதற்குப் பதில் வாரம் இரண்டு மூன்று முறை சீவி, உதிர்ந்த அடி ரோமத்தை எடுத்துவிடுங்கள். பங்குனி, சித்திரையில் தினமும். இந்த அடி ரோமம் எடுக்காமல் ஈரமாகவே இருந்தால் படர்தாமரை வரும். பூனைக்கு வந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும். வட்டமாக முடி கொட்டி செதில் தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள், நமக்கு வாங்கிய களிம்பைப் பூனைக்குத் தடவ வேண்டாம், அது நக்கி விழுங்கிவிடும். குளிக்க வைப்பது அபூர்வமாக இருந்தால் போதும், குளித்தால் அடி ரோமம் வரை காய வைக்க வேண்டும்.

வாயைத் திறந்து நாய்போல் இளைக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, ஈறு செக்கச்செவேல் என்று ஆகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. சாதாரணத் தண்ணீரால் காதையும் வயிற்றையும் பாதங்களையும் நனைத்து, விசிறியைப் போட்டு, உடனே கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது, ரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூடு உள்ளேயே நின்றுவிடும்.

6. தண்ணீர், சாப்பாடு, மீன்

நான் மிக அதிகமாகப் பட்ட பாடு இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு. நம் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரை வைத்தால் இன்னும் குறைவாகக் குடிக்கும். அதோடு காய்ந்த தீனி மட்டும் போட்டால் சிறுநீர் கெட்டியாகி, படிகம் சேர்ந்து, ஆண் பூனைக்கு வழியே அடைத்துவிடும். ஆகவே நீங்கள் குடிக்கிற தண்ணீரையே அதற்கும் வையுங்கள். காவிரித் தண்ணீரோ, குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குவதோ, எதுவானாலும் சரி. பூனை ஒரு நாளில் குடிப்பது ஒரு டம்ளர்தான், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் அகலமான மண் சட்டியில் வைத்து, காலையும் மாலையும் மாற்றுங்கள்.

தீனி விஷயத்தில் என் ஏற்பாடு இது: காலையில் அளந்து போட்ட காய்ந்த தீனி, இரவில் ஈரத் தீனி அல்லது உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த கோழியும் அதன் சாறும். வீட்டுக் கோழி மட்டுமே முழு உணவு ஆகாது, டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். அதனால் பாதிக்கு மேல் முழுச் சத்துள்ள கம்பெனித் தீனியாக இருக்கட்டும். பத்து கிலோ மூட்டை மலிவு என்று வாங்கினால் இந்தக் காற்றில் ஒரே மாதத்தில் நமுத்து, எண்ணெய் சிக்கு வாடை வந்துவிடும். ஒன்றரை, இரண்டு கிலோ பை வாங்கி எவர்சில்வர் டின்னில் இறுக்கி மூடுங்கள். எறும்புக்கு, தட்டை ஒரு தண்ணீர்த் தாம்பாளத்துக்கு நடுவே வைத்தால் முடிந்தது.

இப்போது மீன். நம் கரையில் இருந்துகொண்டு மீன் போடாமல் இருக்க முடியாது, போடலாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள். பச்சையாகப் போடக் கூடாது. மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து தின்றால் பூனைக்கு பி1 வைட்டமின் அழிந்து, தலை தொங்கி, தள்ளாடி, வலிப்பு வரை போகும். வேகவைத்தால் அந்தப் பிரச்சினை போய்விடும். எண்ணெய் நிறைந்த மீனையே தினமும் போட்டால் உடம்புக் கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலிக்கிற நோய் ஒன்று வரும். ஆகவே காரலோ நகரையோ எதுவானாலும், வேகவைத்து, முள் எடுத்து, ருசிக்குக் கொஞ்சம். கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு இந்தச் சின்னச் சிறுநீரகத்துக்கு ஆகாது.

பேத்தை மீன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலையில் வந்ததைக் கரையில் தூக்கிப் போட்டிருப்பார்கள், உப்பி உருண்டையாகக் கிடக்கும். அதில் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது. பூனை வெளியே போகாவிட்டாலும் காக்கை தூக்கிக்கொண்டு வந்து மாடியில் போடும். மொட்டை மாடியில் பூனையை விடுகிறவர்கள் தினமும் ஒருமுறை பார்த்துவிட்டு விடுங்கள்.

இந்த இனம் சீக்கிரம் குண்டாகும். முகமும் உடம்பும் இயல்பிலேயே உருண்டை என்பதால் கண்ணுக்குத் தெரியாது. விலா எலும்பைத் தடவிப் பார்த்தால் லேசாகத் தட்டுப்பட வேண்டும். மாதம் ஒருமுறை நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். முழு வளர்ச்சிக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரை ஆகும், அதனால் ஒரு வயதில் சிறியதாக இருக்கிறதே என்று திணிக்க வேண்டாம்.

7. மண் தட்டு

பூனை மலமும் சிறுநீரும் கழிக்க வீட்டுக்குள் மண் நிரப்பிய தட்டு வேண்டும். அதற்குக் கடல் மணல் சும்மா கிடைக்கிறதே என்று எல்லோருக்கும் தோன்றும். அதில் ஊர்ப் பூனைகளும் நாய்களும் ஏற்கெனவே போயிருக்கும், புழு முட்டை இருக்கும், உப்பும் ஈரமும் பாதத்தைப் புண்ணாக்கும், நாற்றத்தையும் பிடிக்காது. கடையில் விற்கும் பென்டோனைட் என்ற களிமண்ணே வாங்குங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும் என்பதால் பையை வாளியில் போட்டு மூடி வைக்க வேண்டும்.

தினமும் அள்ளிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்தில் வெளியேறி ஒரு நாளாவது கடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், தினமும் சுத்தம் செய்கிற வீட்டில், வேகவைத்ததையே தின்கிற உள்வீட்டுப் பூனையால் அது வருவது அரிது. பூனையைத் துரத்திவிடச் சொல்லும் பெரியவர்களிடம் இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

8. ஊசி, புழு மருந்து, கருத்தடை

முக்கூட்டுத் தடுப்பூசி எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி 12 வாரத்தில். ஒரு வருடம் ஆனதும் இரண்டுக்கும் ஊக்க ஊசி. வெறிநோய் ஊசியை ஜூலை 6, செப்டம்பர் 28 ஒட்டி நடக்கும் அரசு முகாம்களில் இலவசமாகப் போடுவார்கள், முக்கூட்டு ஊசிக்குத் தனியாரிடம் 800 முதல் 1,200 ரூபாய் வரை ஆகும். அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஸ்டிக்கர் இல்லாத அட்டையை வெளியூரில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

முக்கூட்டு ஊசி தடுக்கும் நோய்களில் ஒன்றான பன்லூக்கோபீனியாவின் கிருமி வீட்டுத் தரையில் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கக் கூடியது. முன்பு ஒரு பூனை வாந்தி பேதியில் இறந்த வீட்டுக்குக் குட்டியைக் கொண்டுவருவதாக இருந்தால், ஊசி முழுவதும் முடிந்த பிறகே கொண்டுவாருங்கள்.

குடற்புழு மருந்து ஆறு மாதம் வரை மாதாமாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உண்ணிக்கு நாய் மருந்தைப் போட்டுவிடாதீர்கள், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

கருத்தடையை ஐந்து, ஆறு மாதத்தில் செய்துவிடுங்கள். ஆணுக்கு 2,000 முதல் 4,000, பெண்ணுக்கு 4,000 முதல் 7,000 ரூபாய் என்று நான் விசாரித்த இடங்களில் சொன்னார்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன் இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள், முடிந்தால் எக்கோ. "ஒரு ஈற்றுக் குட்டி போட்டு வித்தா போட்ட காசு வந்துரும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். தாய் பி பிரிவாகவும் தகப்பன் ஏ பிரிவாகவும் இருந்தால், பிறக்கும் ஏ பிரிவுக் குட்டிகள் தாயின் முதல் பாலைக் குடித்தே செத்துப்போகலாம்.

9. பணம்

தாளுள்ள குட்டிக்கு 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேலும் கேட்கிறார்கள். அதைவிட மாதச் செலவைக் கணக்குப் போடுங்கள்: தீனிக்கு 2,500 அளவில், மண்ணுக்கு 800, மருந்துக்கும் ஊசிக்கும் சராசரியாக 500. இதைத் தவிர, மதுரைக்கு அவசரமாகக் கார் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வருவதற்கு 20,000 ரூபாயைத் தனியாக வங்கியில் போட்டுத் தொடாமல் வையுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் இன்னும் சில மாதம் பொறுத்து வாங்குங்கள். பூனை 12, 15 வருடம் இருக்கப் போகிறது, அவசரம் ஒன்றும் இல்லை.

10. பழகும் விதம்

மடியில் படுக்காது. தூக்கினால் பிடிக்காது, கால்களை விறைத்துக்கொண்டு இறங்கப் பார்க்கும். அன்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் அறைக்கே வந்து, கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும், அதுதான் அதன் பாசம். எனக்கு இந்தக் குணம் ரொம்பப் பிடிக்கும். பிள்ளைகளிடம் "தூக்காதே, பக்கத்தில் உட்கார்" என்று முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். கத்துவது குறைவு என்பதால் வலி இருந்தாலும் சொல்லாது. தினமும் அதன் சாப்பாட்டையும் மண் தட்டையும் பார்ப்பதுதான் அது பேசுவதைக் கேட்பது.

11. ராத்திரியில் கிளம்ப வேண்டிய நேரங்கள்

ஆண் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை: விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஒன்றிரண்டு நாளுக்குள் சிறுநீரகம் கெட்டு இதயம் நின்றுவிடலாம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்ப்பவர்கள் இங்கே நிறைய, அந்த நேரம்தான் பறிபோகும். பின்னங்கால் திடீரென்று விழுந்து, குளிர்ந்து, பூனை அலறினால் இதயத்திலிருந்து ரத்தக்கட்டி போய் அடைத்திருக்கிறது, உடனே போக வேண்டும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கும், 40-ஐத் தாண்டினால் போன் செய்யுங்கள். குண்டான பூனை இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும், மூன்றாவது நாளுக்குப் போகவிடாதீர்கள்.

காய்ச்சல் என்று பாராசிட்டமாலைக் கொடுக்கவே கூடாது. டோலோ, குரோசின் எதுவானாலும் பாதி மாத்திரையே பூனைக்கு எமன்.

கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பை இருக்கட்டும்: கூண்டுக்குள் விரிக்கப் பருத்தித் துணி, தடுப்பூசி அட்டையின் நகல், ரத்தப் பிரிவு, எடை எழுதிய தாள், ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், இரண்டு மருத்துவர்களின் எண்கள், ராத்திரியிலும் வருகிற கார் டிரைவர் ஒருவரின் எண். டிரைவரிடம் பூனைக்கூண்டோடு வருவோம் என்பதை முன்பே சொல்லி வையுங்கள், சிலர் கடைசி நேரத்தில் ஏற்றமாட்டேன் என்பார்கள். கூண்டைப் பரணில் போடாமல் வீட்டுக்குள்ளேயே கதவைத் திறந்து போட்டு வைத்தால் பூனை அதிலேயே படுத்துப் பழகும், அவசரத்துக்கு அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது. கிளம்பும்போதே மதுரைக்குப் போன் செய்துவிடுங்கள், பரமக்குடி தாண்டுவதற்குள் அவர்கள் குழாயும் மயக்க மருந்தும் எடுத்து வைத்திருப்பார்கள்.